ரீஃபண்ட் எந்த மதகில் நிற்கிறது?

வணக்கம். என் பின்னால் நீங்கள் பார்ப்பது நீடாமங்கலம் மூணாறு தலைப்பு; வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிந்து செல்லும் இடம். வருமான வரி ரீஃபண்ட் பற்றிப் பேச இவன் ஏன் ஆற்றங்கரையில் வந்து நிற்கிறான் என்று நினைப்பீர்கள். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்காலோடு மேலே நடந்து, அடைப்பு எந்த இடத்தில் என்று பார்த்துவிட்டுத்தான் மேட்டூரைத் திட்டத் தொடங்குவார்கள். ரீஃபண்ட் விஷயத்தில் மட்டும் நாம் ஏன் வரப்பிலேயே உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் என் அத்தையின் கதையைச் சொன்னால் எளிதாகப் புரியும். கொஞ்சம் நிலமும், மாமா விட்டுச் சென்ற வைப்புத்தொகையும்தான் அவருக்கு வருமானம். ஓராண்டு வைப்புத்தொகை வட்டியாக 1,84,000 ரூபாய் வந்ததில் வங்கி 10 சதவீதம், அதாவது 18,400 ரூபாயை டிடிஎஸ் (வட்டி தரும்போதே கழிக்கும் வரி) என்று பிடித்துக்கொண்டது. அப்போது மூத்த குடிமக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. விவசாய வருமானத்துக்கும் வரி இல்லை. ஆகவே பிடித்த தொகை முழுவதும் திரும்ப வரவேண்டியது. 2023 ஜூலையில், கெடு முடிவதற்குள், ஒரு கணினி மையத்தில் ரிட்டர்ன், அதாவது வருமான வரிக் கணக்கு, தாக்கல் செய்தார். பிறகு பொங்கல் வந்தது, அடுத்த பொங்கலும் வந்தது, பணம் வரவில்லை. "ஆடிட்டர் இல்லாம போட்டதால டெல்லியில கெடக்குதாம்ப்பா" என்று யாரோ சொன்னதை அவரும் நம்பிக்கொண்டிருந்தார்.

தனிநபர் ரிட்டர்ன்கள் டெல்லியில் கிடப்பதில்லை. அவை பெங்களூருவில் இருக்கும் மத்திய செயலாக்க மையத்தில்தான் பரிசீலிக்கப்படுகின்றன. அதற்குச் சட்டத்தில் கெடுவும் உண்டு: எந்த நிதியாண்டில் தாக்கல் செய்தோமோ, அது முடிந்து 9 மாதங்களுக்குள் வருமான வரிச் சட்டத்தின் 143(1) பிரிவின்படி, பரிசீலனையின் முடிவைச் சொல்லும் அறிவிப்பை அனுப்பிவிட வேண்டும். அத்தைக்கு அந்தக் கெடு 2024 டிசம்பர் 31. வருமான வரித் துறையின் இணையதளத்தில் அவருடைய கணக்கை நாங்கள் திறந்து பார்த்தபோது பெங்களூரு தன் வேலையை 2023 செப்டம்பரிலேயே முடித்திருந்தது. திரையில் சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: ரீஃபண்ட் தோல்வி.

காரணத்தைத் தேடியபோது கிடைத்தது நம் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். அத்தையின் பான் அட்டையில் மாமாவின் பெயர் முழுதாக விரித்து எழுதப்பட்டிருக்கிறது; பாஸ்புக்கிலோ கல்யாணத்துக்கு முன்பிருந்த அப்பாவின் இனிஷியல். ரீஃபண்ட் என்பது பானோடு இணைக்கப்பட்டு, முன்கூட்டிச் சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்குக்கு மட்டுமே வரும். இரண்டு பெயரும் ஒத்துப்போகாததால் கணக்கு சரிபார்ப்பிலேயே விழுந்துவிட்டது. இது அத்தைக்கு ஏன் தெரியவில்லை? தாக்கல் செய்த மையத்தில் தங்கள் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையுமே பதிவு செய்து வைத்திருந்தார்கள். வந்த செய்தியெல்லாம் அவர்களுக்குப் போயிருக்கிறது. யாருக்கோ நூறு ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர்கள் ஒவ்வொரு செய்தியையும் படித்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பது நம் தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் ரிட்டர்னில் உங்கள் எண் இருக்கட்டும்.

ஆதாரோடு இணைந்த எண் அத்தையிடமே இருந்ததால் ஓடிபி வாங்கிக் கடவுச்சொல்லை மாற்றினோம். பான் நகலைக் கொடுத்து வங்கியில் பெயரைத் திருத்தப் பத்து நாள் ஆயிற்று. கணக்கை மறுபடி சரிபார்த்து, சேவைகள் பகுதியில் ரீஃபண்ட் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்தோம். மூன்று வாரத்தில் 18,952 ரூபாய் வந்து சேர்ந்தது.

அதிகப்படியான 552 ரூபாய் 244ஏ பிரிவின்படி வந்த வட்டி. மாதத்துக்கு அரை சதவீதம். கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால் மதிப்பீட்டு ஆண்டின், அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டின், ஏப்ரல் 1 முதல் கணக்கிடுவார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம், மாதம் 92 ரூபாய். அதன் பிறகு ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்ததற்கு ஒரு காசும் வரவில்லை, ஏனென்றால் நம்மால் ஏற்பட்ட தாமதத்துக்கு வட்டி கிடையாது. இந்த வட்டியும் வருமானம்தான். பணம் வந்த ஆண்டின் ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

வேறு மதகுகளும் இருக்கின்றன. தாக்கல் செய்த 30 நாளுக்குள், ரிட்டர்ன் நம்முடையதுதான் என்று ஓடிபி போன்ற வழியில் உறுதிசெய்யும் மின்சரிபார்ப்பைச் செய்யாவிட்டால் பெங்களூரு அந்த ரிட்டர்னைத் தொடவே தொடாது. நம் பக்கத்தில் பல வீடுகளில் ஆதார் எண்ணோடு இணைந்த கைபேசி சிங்கப்பூரில் மகனின் சட்டைப்பையில் இருக்கிறது, ஆகவே ஓடிபி அங்கே போகிறது. பான், ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தாலும் ரீஃபண்ட் வராது. பழைய ஆண்டின் வரி பாக்கி ஏதேனும் இருந்தால், 245 பிரிவின்படி அதில் கழித்துக்கொள்வதாக அறிவிப்பு வரும். பாக்கி இல்லை என்றால் 21 நாளுக்குள் மறுத்துப் பதில் போட வேண்டும்.

டெல்டாக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று: விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ஐடிஆர் 1 படிவம் உங்களுக்கு உரியதல்ல, வியாபார வருமானம் இல்லாதவர்கள் ஐடிஆர் 2 போட வேண்டும். வரி இல்லாத வருமானம்தானே என்று குறுவையையும் சம்பாவையும் விட்டுவிட்டு எளிய படிவத்தில் போடுகிறவர்கள் நிறையப் பேர். தவறான படிவம் என்றால் 139(9) பிரிவின்படி குறைபாட்டு அறிவிப்பு வரும். 15 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் ரிட்டர்ன் செல்லாததாகக் கருதப்படலாம். அப்போது ரீஃபண்டுக்கே இடமில்லை.

இவை எல்லாவற்றையும் பார்த்தும் நம் பக்கம் அடைப்பு இல்லை என்றால், தளத்திலேயே குறைதீர்ப்பு மனுப் போடுங்கள். 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். மதிப்பீட்டு ஆண்டையும் ரிட்டர்னின் ஒப்புகை எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அத்தை 2025 ஏப்ரலில், அந்த ஆண்டு வட்டியில் வரி பிடிக்காமல் இருக்கப் படிவம் 15எச்-ஐ வங்கியில் கொடுத்தார். முத்திரை போட்ட நகலை நான்காக மடித்து, பாஸ்புக்கின் நெகிழி உறைக்குள், மாமா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.