'கண்' என்னும் சின்னச் சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

இலக்கிய ஆய்வில் கணினி என்ன செய்யும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் ஒரே ஒரு சின்னச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போகிறேன். அந்தச் சொல் 'கண்'.

முகத்தில் இருக்கும் கண்ணைச் சொல்லவில்லை. வீட்டில், ஊரில் என்கிறோமே, அந்த 'இல்' செய்கிற வேலையைப் பழந்தமிழில் 'கண்' செய்தது. 'அவர்கண்' என்றால் அவரிடத்தில். ஏழாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் வைத்த பெயரே 'கண்'தான்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது இந்தக் 'கண்' எங்கெல்லாம் வருகிறது என்று திரட்ட ஆரம்பித்தேன். தபால் கார்டு அளவுக்கு வெட்டிய கெட்டித்தாள். ஒரு தாளுக்கு ஓர் அடி. வலது மூலையில் நூற்பெயரும் பாட்டு எண்ணும். 'கண்' வருகிற இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடு. செருப்புக் கடையில் கேட்டு வாங்கி வந்த அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு ஐப்பசி மழையில் கூரை ஒழுகி இரண்டு பெட்டி நனைந்துபோயின. சிவப்பு மை ஊறிப் பரவி, எது எந்தப் பாட்டு என்றே தெரியவில்லை. திரும்ப உட்கார்ந்து எழுதி முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. அப்படி இரண்டாம் முறை எழுதும்போதுதான், முதல் முறை எத்தனை இடங்களை விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. பாட்டைப் படிக்கும்போது யானை வந்தால் நிற்கிறோம், குறிஞ்சிப்பூ வந்தால் நிற்கிறோம். வேற்றுமை உருபு வந்தால் யாரும் நிற்பதில்லை.

இதே பாடுபட்ட ஒருவர் இத்தாலியில் இருந்தார். ரொபெர்த்தோ பூசா. இயேசு சபைத் துறவி. 1940களில், தாமஸ் அக்குவினாஸ் என்ற இடைக்கால இறையியலாளரின் இலத்தீன் நூல்களை ஆய்வு செய்தார். இறைவன் 'உடனிருப்பது' பற்றி அக்குவினாஸ் என்ன சொல்கிறார் என்பது அவருடைய கேள்வி. 'உடனிருத்தல்' என்ற பெரிய சொல்லைத் தேடிப் பார்த்தார். அதிகம் கிடைக்கவில்லை. அப்புறம் புரிந்தது, விஷயம் முழுக்க 'இன்' என்ற சின்ன இலத்தீன் சொல்லில் இருக்கிறது என்று. அந்த 'இன்' நம்முடைய 'கண்' மாதிரிதான், 'உள்ளே, இடத்தில்' என்று பொருள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, நேயர்களே. எங்கோ இத்தாலியில், எனக்கு எத்தனையோ ஆண்டுகள் முன்னால், ஒருவர் ஏழாம் வேற்றுமைக்காகப் பத்தாயிரம் அட்டை கையால் எழுதியிருக்கிறார்!

கையால் இனி முடியாது என்று 1949இல் நியூயார்க் போய், ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். வாட்சனின் ஆட்கள், இயந்திரத்தால் இது ஆகாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பூசா கையில் அந்த நிறுவனத்தின் விளம்பரத் தாளே இருந்தது. கடினமானதை உடனே செய்வோம், முடியாததைச் செய்யக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும் என்று அதில் அச்சிட்டிருந்தது. அதை வாட்சன் முன் வைத்தார். உதவி கிடைத்தது. கொஞ்சம் கூடுதல் நேரம் என்பது முப்பது ஆண்டு ஆயிற்று. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள், 56 தொகுதிகள்.

அத்தனையையும் இயந்திரம் படிக்கும் துளை அட்டைகளில் ஏற்றியவர்கள் மிலான் நகருக்குப் பக்கத்தில் கல்லராத்தே என்ற ஊரின் இளம்பெண்கள். ஒருத்தி துளையிட, இன்னொருத்தி சரிபார்க்க. அவர்கள் பெயர் வெகுகாலம் எங்கும் வரவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்தான் தேடிப் போய்ப் பேட்டி கண்டார். நம் பக்கம், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுவதற்காக 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காகப் பழைய நூல்களைக் காசு வாங்காமல் தட்டச்சு செய்து கொடுத்தவர்களையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

நான் கெட்டித்தாளில் செய்த, பூசா இயந்திரத்தில் செய்த இந்த வேலைக்குத் தமிழில் தொடரடைவு என்று பெயர். கல்யாண வீட்டு மொய் நோட்டு தெரியுமல்லவா? யார் முதலில் வந்தார்களோ அந்த வரிசையில் பெயர் இருக்கும். ராத்திரி உட்கார்ந்து, இன்ன ஊர்க்காரர்கள் யார் யார் என்று ஊர்வாரியாகத் திருப்பி எழுதுவார்கள். புதிதாக ஒரு ரூபாயும் சேர்ந்திருக்காது. ஆனால் எந்த ஊரிலிருந்து ஆள் வரவில்லை என்பது அப்போதுதான் தெரியும். நூலையும் அப்படிச் சொல்வாரியாகத் திருப்பி எழுதினால் அது தொடரடைவு.

இன்று கைப்பேசியிலேயே திருக்குறள் முழுக்கத் தேடலாம். 'கண்' என்று போட்டுத் தேடிப் பாருங்கள். 'கண்ணுடையர் என்பவர் கற்றோர்' வரும். அது முகத்துக் கண். 'கண்ணோட்டம்' வரும். அது இரக்கம். 'இடுக்கண் வருங்கால் நகுக' வரும். அது துன்பம். இவை எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி, இத்தனை இடத்தில் 'கண்' இருக்கிறது என்று எண்ணிக்கை சொல்லிவிடும். அந்த எண்ணிக்கையால் எனக்கு என்ன பயன்?

141ஆம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். 'அறம்பொருள் கண்டார்கண் இல்' என்று முடியும். காதால் கேளுங்கள்: கண்டார், கண். முதலாவது ஆராய்ந்து அறிந்தவர் என்பதில் வருவது. இரண்டாவது, அவர்களிடத்தில் என்பது. ஒட்டி ஒட்டி இரண்டு 'கண்', இரண்டும் முகத்துக் கண் இல்லை! 'கண்டார்கண்' என்று சேர்ந்து அச்சாகியிருப்பதை யாராவது படித்து, பொருள் உணர்ந்து, 'கண்டார்' வேறு 'கண்' வேறு என்று வெட்டி, பின்னதற்கு 'ஏழாம் வேற்றுமை' என்று குறி போட்டால்தான் கணினிக்கு அது கணக்கு.

எதிர்ப்பக்கமும் உண்டு. படிப்பு பற்றி வள்ளுவர் சொன்னதைத் தேட 'கல்' என்று போடுகிறீர்கள். 'அகல்விசும்பு' வந்து நிற்கும், 'பகல்வெல்லும்' வந்து நிற்கும். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' வரவே வராது. கல் என்ற வினை மூன்று முறை வருகிற குறள் அது! மூன்றும் 'கற்' என்று திரிந்து நிற்பதால் இயந்திரம் தாண்டிப் போய்விட்டது. எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது: முதல் வேலை சொல் பிரிப்பு. சொற்கள் சேரும்போது எழுத்து எப்படித் திரியும் என்று சொல்லும் புணர்ச்சி இலக்கணம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். பிரித்த நூலைப் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். தமிழ்த்துறைகளில் இதை ஆய்வாக மதித்துப் பட்டம் கொடுக்க வேண்டும். இன்றைக்கு மென்பொருளே ஓரளவு பிரித்துத் தருகிறது. ஆனால் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவும், பிரித்ததைத் திருத்தவும் நன்னூல் படித்த ஆள் வேண்டும்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். சிந்துவெளியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐராவதம் மகாதேவன், ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர், பின்னாளில் 'தினமணி' ஆசிரியர், 1977இல் சிந்து எழுத்துகளுக்கு ஒரு தொடரடைவு வெளியிட்டார். இந்தியத் தொல்லியல் துறை வெளியீடு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினியில் செய்த வேலை. எழுத்துள்ள 2,906 பொருள்கள், அவற்றில் 417 குறிகள். அர்த்தம் தெரியாத எழுத்துக்குத் தொடரடைவு போட்டார், அதுதான் பெரிய விஷயம். முத்திரையைக் களிமண்ணில் அழுத்தினால் சில இடங்களில் இடது ஓரத்தில் குறிகள் நெருக்கிக்கொண்டு நிற்கும். கடைப் பலகை எழுதுகிறவருக்குக் கடைசியில் இடம் போதாமல் எழுத்தை இடுக்கி எழுதுவாரே, அது போல. ஆக, எழுதியது வலமிருந்து இடம். அப்படி வைத்துப் பார்த்தால் ஜாடி போன்ற ஒரு குறி, எண்ணிக்கையில் அதுதான் முதல், பத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் கடைசியிலேயே வந்து நிற்கிறது. அது விகுதி போன்ற ஒன்று என்று மகாதேவன் கருதினார். 'கண்டார்கண்' என்பதில் அந்தக் கடைசிக் 'கண்' எங்கே நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள்...

நேரம் முடிந்துவிட்டது. வீட்டில் திருக்குறள் இருந்தால் இன்று ராத்திரி 141ஐ எடுத்து, பிள்ளைகள் கையில் பென்சில் கொடுத்து, இரண்டு 'கண்'ணையும் வட்டமிடச் சொல்லுங்கள். வணக்கம்.