சின்னக்காவின் கிணற்றுக் கொப்பி

(எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் நடந்த 31ஆம் நாள் நினைவுக் கூட்டத்தில் பேசியது)

சபைக்கு வணக்கம்.

காலையில் கீரிமலையில் அந்தியேட்டி முடித்து, வீட்டுக் கிருத்தியமும் செய்துவிட்டு வந்து நிற்கிறோம். செத்தவீட்டன்று பந்தல் போட்ட பிள்ளைகள், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் நேரத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்கள், நெடுந்தீவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள், சின்னக்காவிடம் படித்தவர்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த ஒரு மாதத்தில் துக்கம் விசாரிக்க வந்த பலர் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். "அவ ஒரு இடத்தில இருந்திருந்தா இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பா." அன்போடுதான் சொன்னார்கள். அந்த நேரத்தில் நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்ல வேண்டும். இன்றும் சொல்லாமல் விட்டால் அந்த வசனம்தான் சின்னக்காவின் கதையாக ஊரில் நிலைத்துவிடும்.

நடந்தது இதுதான். அன்று சின்னக்கா எங்கும் போகவில்லை. விடிய எழும்பி முற்றம் கூட்டினார். தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தார். "தலை வெடிக்குது" என்றார், அவ்வளவுதான், குசினிக் கதவடியில் இருந்துவிட்டார். மூளைக்குள் ஓர் இரத்தக்குழாயின் சுவர் மெலிந்து புடைத்திருந்திருக்கிறது. அனியூரிசம் என்றார் டொக்டர். பலருக்கு அது உடையும்வரை ஓர் அறிகுறியும் காட்டாதாம். உடைந்தால் வாழ்நாளில் காணாத தலையிடி திடீரென்று வரும். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி வந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு படுக்க விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். நாங்களும் ஓடினோம். மருத்துவர்கள் தங்களால் இயன்றதெல்லாம் செய்தார்கள். மறுநாள் இரவு போய்விட்டார்.

கடலுக்குப் போய்ச் சாகவில்லை. றோட்டில் சாகவில்லை. தன் வீட்டில், ஒரு சாதாரணக் காலையில், எவருக்கும் வரக்கூடிய ஒன்று வந்தது.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சின்னக்காவோடு ஊர்க் கிணறுகளின் உப்பை அளக்கச் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒரு பிள்ளையின் சைக்கிளைப் போன கிழமை தாய் பூட்டி வைத்துவிட்டார். "ரீச்சருக்கு நடந்ததைப் பாத்தனிதானே" என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தாயில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பயப்படப் பழகிய சனம் நாங்கள், பயப்படக் காரணமும் நிறைய இருந்தது. ஆனால் ரீச்சருக்கு நடந்தது சைக்கிள் ஓடியதால் நடக்கவில்லை. ஊர் பார்த்ததால் நடக்கவில்லை.

சின்னக்காவின் ஊர்சுற்றல் எங்கே தொடங்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நவக்கிரி நிலாவரையில். இராமர் தன் படையின் தாகம் தீர்க்க அம்பு விட்ட இடம், ஆழம் காண முடியாத கிணறு, அதில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் போய் மிதக்கும் என்று அம்மம்மா சொல்லுவா. யாழ்ப்பாணத்தில் இந்தக் கதையைக் கேட்காத பிள்ளை இல்லை. நாங்கள் வாயைப் பிளந்து கேட்டோம், அதோடு சரி. சின்னக்காவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஒரு தேசிக்காயில் சிவப்பு நூலைச் சுற்றி நிலாவரையில் போட்டுவிட்டு, ஐயாவை நச்சரிக்கத் தொடங்கினார். மூன்றாம் நாள் ஐயா சைக்கிள் பாரில் அவரை இருத்திக் கீரிமலைக்குக் கொண்டுபோனார். ஆண்கள் குளிக்கும் கேணியில் ஐயா தேட, பெண்களின் கேணியில் சின்னக்கா தேட, பின்னேரம்வரை இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். தேசிக்காய் வரவில்லை. வீட்டுக்கு வந்த சின்னக்கா அழவுமில்லை, அம்மம்மாவைப் பொய்க்காரி என்று சொல்லவுமில்லை. "சரி ஐயா, தேசிக்காய் வரேல்லை. அப்ப அந்தத் தண்ணி எங்கயிருந்து வருது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை.

எங்கள் குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். கீழே இருப்பது சுண்ணக்கல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை அந்தக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீருக்கு மேலே, ஆறின பாலில் ஆடை படிவதுபோலப் படிந்து நிற்கிறது. அந்த ஆடையைத்தான் நாங்கள் குடிக்கிறோம், குளிக்கிறோம், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணற்றுக்கும் மனிசனுக்கும் ஓய்வு கிடைத்தது. மெசின் வந்த பிறகு கிணற்றுக்கு ஓய்வு இல்லை. அளவு மிஞ்சி இறைத்தால் கீழே கிடக்கும் உவர் மேலே ஏறும். இதைச் சின்னக்கா பாடப் புத்தகத்தில் படிப்பித்ததோடு நிற்கவில்லை. வீடு வீடாகப் போய் அளந்தார்.

நிலாவரையில் அவர் தண்ணீர் எடுத்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உரியவர்களிடம் கேட்டுச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். பழைய கண்ணாடிச் சோடாப் போத்தல் ஒன்று. அதன் அடியில் ஒரு கல் கட்டியிருந்தது. வாயில் தக்கை, தக்கைக்கு வேறாக ஒரு நூல். போத்தலைக் கட்டிய கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. முடிச்சுகளை விரலால் எண்ணி எண்ணி இறக்கினார். நினைத்த ஆழம் வந்ததும் நூலைச் சுண்டினார். கொஞ்ச நேரத்தில் மேலே குமிழி வந்தது. தக்கை கழன்று அந்த ஆழத்துத் தண்ணீர் போத்தலுக்குள் போகிறது என்று அர்த்தம். மேலே எடுத்து, பேனையளவு கருவி ஒன்றை அதற்குள் விட்டார். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அது காட்டும். உப்புக் கூடினால் எண்ணும் கூடும். எண்ணை எழுதிய பிறகு உள்ளங்கையில் ஒரு துளி விட்டு என்னிடம் நீட்டினார். முதலில் எடுத்த மேல்தண்ணீர் இனித்தது. இது கரித்தது. ஒரே கிணறு, இரண்டு தண்ணீர். ஆழம் காண முடியாத கிணறு என்று சொல்லிவிட்டுப் போவதைவிட, அந்தக் கரிப்பை நாக்கில் வாங்கிய நிமிஷம் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

வீட்டுக் கிணறுகளை வருஷத்தில் இரண்டு தரம் அளப்பார், ஆவணியில் ஒருக்கால், தையில் ஒருக்கால். எண்ணுக்குப் பக்கத்தில் அந்த வீட்டு ஆட்கள் சொன்னதையும் எழுதுவார். ஒரு பக்கத்தை வாசிக்கிறேன். "துலா நிண்ட கிணறு. ஆச்சி சொல்லுறா, முந்தி இந்தத் தண்ணியில பருப்பு கெதியா அவியும், இப்ப அவியேல்லை, மழைத்தண்ணி பிடிச்சு வைச்சுத்தான் பருப்புப் போடுறவ." கருவி காட்டிய எண்ணும் ஆச்சியின் பருப்பும் ஒரே வரியில் இருக்கின்றன. ஆச்சி சொன்னதையும் ஓர் அளவாக மதித்தபடியால்தான் எந்தப் படலையைத் தட்டினாலும் அவருக்குத் திறந்தார்கள்.

யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். மின்சாரம் இல்லை, பற்றறி இல்லை. சைக்கிளின் பின்சில்லைத் தூக்கி நிறுத்தி, நான் மிதிக்க, டைனமோவில் வானொலி பாடும். லண்டன் தமிழோசை கேட்க ஒழுங்கையே வந்து நிற்கும். செய்தி முடிந்ததும் எல்லாரும் போய்விடுவார்கள். சின்னக்கா மட்டும், "நிப்பாட்டாதை தம்பி, இன்னும் கொஞ்சம் மிதி" என்பார். சிற்றலையில் முள்ளை மெல்ல நகர்த்தி, தெரியாத பாஷைகளைக் கேட்பார். பங்கருக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்த நாட்களில் அந்தப் பிள்ளை உலகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. சாகசம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த முள்தான். கடலும் மலையும் பிறகுதான்.

சாகசக்காரர் என்றதும் எங்கள் ஊரில் நீச்சல்வீரர் ஆழிக்குமரன் ஆனந்தனைச் சொல்லுவார்கள். 1984 ஓகஸ்ட் 6இல் அவர் ஆங்கிலக் கால்வாயில் உயிர்விட்ட செய்தி வந்தபோது, "கடலோட விளையாடினா இதுதான்" என்று பெரியவர்கள் எங்களை எச்சரித்தார்கள். சின்னக்கா அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "1971இல இந்தியக் கரைக்குப் போய்த் திரும்பியும் நீந்தி வந்தவர், 51 மணித்தியாலம். அதுக்கு முதல், 1954இல, தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்தினவர். இதெல்லாம் எங்கட கடலின்ர கதையில வராதோ?" என்று கேட்பார். வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி பாய்விரித்துப்போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைத் தொட்டதை ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லுவார். அந்தக் கப்பலைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியவில்லையே என்பது அவருடைய உண்மையான கவலை. ஒரு மனிசர் வாழ்ந்த வருஷங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கடைசி நாளை மட்டும் தூக்கிப் பிடிப்பது அநியாயம். ஆனந்தனுக்கும் அநியாயம், சின்னக்காவுக்கும் அநியாயம்.

அவர் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று போனவருமில்லை. எங்கே போகிறார், யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கலண்டரில் எழுதிவிட்டுத்தான் படலையைத் தாண்டுவார். சோளகக் காற்று இரைத்தால் குறிகட்டுவானிலிருந்து வள்ளம் ஏறமாட்டார். முகமாலையில் மிதிவெடி அகற்றுவதைப் பாதையோரம் நின்று பார்ப்பார், மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைக்கு அப்பால் ஓர் அடி வைக்கமாட்டார். நெடுந்தீவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகும்போது, 1985இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களைப் பற்றி வள்ளத்திலேயே சொல்லுவார். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கமாட்டார்கள். கரையேறிய பிறகு குதிரைகளும் பெருக்கமரமும் கல்வேலிகளும். துக்கத்தை மறைத்து ஊர் காட்ட அவருக்கு மனமில்லை.

2010 தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் கங்கண சூரிய கிரகணம். பத்து நிமிஷமளவு சூரியன் வளையமாக நின்றது. அன்று ஊரில் அநேகர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். தான் தனியப் பார்த்தது சின்னக்காவுக்குப் பெரிய மனவருத்தம். 2019 மார்கழியில், சுனாமி வந்து 15 வருஷம் நிறைந்த அதே 26ஆம் திகதி காலை, திரும்பவும் ஒரு வளையம். இந்தமுறை முன்கூட்டியே வீடு வீடாகப் போனார். கிரகணக் கண்ணாடி கொஞ்சம்தான் கிடைத்தது. மற்றவர்களை இந்த வாசிகசாலை வேம்புக்குக் கீழே கூப்பிட்டு, நிலத்தைப் பார்க்கச் சொன்னார். இலைகளுக்கு இடையால் விழுந்த வெளிச்சப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு வளையம். மண்ணெல்லாம் வளையம், வந்தவர்களின் சீலையிலும் சேட்டிலும் வளையம். கிரகணத்துக்கு முற்றத்தில் கால் வைக்காத பெரியம்மா ஒருவர் தன் கையை நீட்டி, உள்ளங்கையில் விழுந்த வளையத்தைப் பொத்திப் பொத்தித் திறந்தார். சின்னக்கா வானத்தைப் பார்க்கவே இல்லை. பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்று உங்களுக்குத் தரும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் பஞ்சபுராணம் இருக்கிறது, வம்சாவளி இருக்கிறது. ஆறாத் துயர் என்று தொடங்கும் புலம்பற் பாக்களை நாங்கள் சேர்க்கவில்லை. அந்தப் பாட்டுகள் எல்லாருக்கும் ஒன்றுதான், பெயர் மட்டும் மாறும். அந்தப் பக்கங்களில் இந்த ஊர்க் கிணறுகளின் அளவுகளைப் போட்டிருக்கிறோம். உங்கள் வீட்டுக் கிணறும் அதில் இருக்கும், பாருங்கள். எந்தக் கிணறு வருஷத்துக்கு வருஷம் உவர்த்துக்கொண்டு வருகிறது என்பது ஒரு பார்வையிலேயே விளங்கும். அதைப் பார்த்த பிறகு இறைப்பைக் குறைப்பதா, மழைத்தண்ணீரை ஒழுங்கைக்கு ஓடவிடாமல் வளவிலேயே இறக்குவதா என்பதை நாங்கள் எல்லாரும் இருந்து கதைக்க வேண்டும்.

கடைசி நிரல் வெறுமையாக இருக்கிறது. இந்தத் தை அளவை எடுக்க அவருக்கு நாள் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அதை எடுக்கத் தொடங்குகிறோம். கருவியும் கயிறும் என் மருமகள், சின்னக்காவின் மகள், கொண்டுவருவாள், தாயிடம் அளக்கப் பழகியவள். கோயிலடி வீடுகளிலிருந்து தொடங்குவோம். கூட வர விரும்பும் பிள்ளைகளின் பெயரையும் உங்கள் ரெலிபோன் இலக்கத்தையும் மேசையில் இருக்கும் கொப்பியில் எழுதுங்கள். பெரியவர்கள் நான்கு பேர் பிள்ளைகளோடு சைக்கிளில் வருவோம், பத்து மணிக்குள் வீட்டில் கொண்டுவந்து விடுவோம். ஆச்சிமார் யாராவது கிணற்றைப் பற்றி ஏதும் சொல்ல இருந்தால் சொல்லுங்கள், அதையும் எழுதுவோம். சனி இரவு மழை பெய்தால் அடுத்த ஞாயிறு.

நன்றி, வணக்கம்.