துரோகி யார்? அத்தான்மேல் நான் போட்ட பழி

வணக்கம், வணக்கம். சத்தம் கேட்கிறதா? வெளியே மழை கொட்டுகிறது, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேசுகிறேன். போன சனிக்கிழமை பினாங்கு ஜெலுத்தோங்கில் அக்கா வீட்டில் நடந்த கூத்தைச் சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ஆட்டத்தின் பெயர் ஷேடோஸ் ஓவர் கேமலாட். 2005இல் வந்த போர்டு கேம். நாம் எல்லாரும் ஆர்தர் ராஜாவின் வீரர்கள், ஒரே அணி. வட்ட மேசையில் வாள்கள் சேர்ந்துகொண்டே வரும். ஜெயித்த வேலைக்கு வெள்ளை வாள், தோற்றதற்குக் கறுப்பு. பன்னிரண்டு வாள் சேர்ந்ததும் கணக்கு: வெள்ளை அதிகமாக இருக்க வேண்டும். சமமாக வந்தாலும் தோல்விதான்.

இதற்குள் ஒருவன் துரோகியாக இருக்கலாம். 'லாம்' என்பதைக் கவனியுங்கள். அங்கேதான் ஆட்டமே இருக்கிறது. ரகசியச் சீட்டு மொத்தம் எட்டு, அதில் ஒன்றுதான் துரோகி. நாங்கள் ஐந்து பேர்: நான், அக்கா, அத்தான், சித்தி மகன், அப்புறம் அத்தானோடு பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் ஒரு சீன நண்பர். எட்டில் ஐந்து சீட்டு எங்கள் கையில், மூன்று பெட்டிக்குள். அதாவது துரோகியே இல்லாமல் இருக்க எட்டில் மூன்று பங்கு வாய்ப்பு. யார் கள்ளன் என்று கேட்பதற்கு முன்னால், கள்ளன் இருக்கிறானா என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி.

ஒவ்வொருவரும் தன் முறை வந்ததும் முதலில் ஒரு கெடுதலைச் செய்தாக வேண்டும். கறுப்புச் சீட்டு எடுக்கலாம், கோட்டைக்கு வெளியே ஒரு கவண் பொறி வைக்கலாம், இல்லை தன் உயிரில் ஒன்றை இழக்கலாம். பொறி பன்னிரண்டு ஆனால் கோட்டை போச்சு. அத்தானிடம் உயிர் நாலும் அப்படியே இருந்தது. ஆனால் முறை வரும்போதெல்லாம் மனிதர் பொறியைத்தான் வைக்கிறார்! கையில் என்ன சீட்டு என்று கேட்டால், "ஏதோ இருக்கு மச்சான்" என்கிறார். நம்பரோடு சொல்லக்கூடாது என்பது விதி, சாடையாகத்தான் பேசலாம், சரி. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே!

மேசையில் ஆறு வாளோ ஆறு பொறியோ வந்துவிட்டால் யார்மேலும் குற்றம் சாட்டலாம். சரியாகச் சொன்னால் ஒரு வெள்ளை வாள் கூடும். தப்பாகச் சொன்னால் இருக்கிற வெள்ளையில் ஒன்று கறுப்பாகத் திரும்பும். வெள்ளை ஏழு, கறுப்பு மூன்று. நான் எழுந்து நின்றே சொன்னேன்: "அத்தான், நீங்கள்தான்."

அவர் ஒன்றும் பேசாமல் சீட்டைத் திருப்பி வைத்தார். விசுவாசி. வெள்ளை ஆறு, கறுப்பு நாலு. முந்தைய ஆட்டத்தில் பாதியிலேயே செத்துப்போனாராம், அந்தப் பயத்தில் உயிரைப் பொத்தி வைத்திருக்கிறார். பாவம், பத்து நிமிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அக்காதான் எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொண்டுவந்து சமாதானம் செய்தாள்.

இந்த அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அவள் எடுத்திருந்தது பெர்சிவல். அந்த வீரனுக்கு ஒரு சலுகை: மேலே இருக்கும் கறுப்புச் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் கெடுதலைச் செய்வது என்று முடிவு செய்யலாம். நினைத்துப் பாருங்கள். நல்லவனாக இருந்தால், மோசமான சீட்டு என்று தெரிந்த இடத்திலாவது உயிரையோ பொறியையோ கொடுத்துத் தப்பிப்பான். அக்கா ஒவ்வொரு தடவையும் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் எடுத்தாள். மெர்லின் என்கிற நல்ல சீட்டு மூன்று கொடுத்தால்தான் தடுக்க முடியும் என்கிற பெரிய கெடுதல் சீட்டுகூட அவள் கையால்தான் வந்தது. "ஐயோ, வேற வழியில்ல தம்பி" என்றாள். நானும் ஆறுதல் சொன்னேன். ஆறுதல்!

என் தப்புக்குப் பிறகு மற்றவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை, இன்னொரு வாள் போய்விடுமே என்று. கடைசி இரண்டு வாளும் வெள்ளை. எட்டு, நாலு! சித்தி மகன் கத்திய கத்தலில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. அக்கா மைலோ டம்ளரை வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, சீட்டைத் திருப்பினாள்.

கடைசிவரை பிடிபடாத துரோகி இருந்தால் இரண்டு வெள்ளை வாள் கறுப்பாகும். ஆறு, ஆறு. தோற்றோம்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் கணக்குப் போட்டேன். நான் சும்மா இருந்திருந்தால் ஒன்பதுக்கு மூன்று. இரண்டு திரும்பினாலும் ஏழுக்கு ஐந்து, ஜெயம். அக்கா ஒருத்தியாக எங்களைத் தோற்கடிக்கவில்லை. பாதி வேலையை நான் செய்து கொடுத்திருக்கிறேன்.

அத்தான் இந்த வீடியோவைப் பார்ப்பார். மன்னித்துக்கொள்ளுங்கள், அத்தான். வருகிற சனிக்கிழமையும் வருகிறேன். பெர்சிவல் எனக்கு. மைலோவை நானே கலக்கிக்கொள்கிறேன்.