சேவல் கூவியதும் தாய் அழுவதும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மீறிப் பாராட்டிய செயலாளர் அம்மையார் அவர்களே, உடல்நலம் குன்றிய நிலையிலும் வந்திருந்து வாழ்த்தும் புரவலர் ஐயா அவர்களே, மூத்த மருத்துவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய மூன்று ஹார்மோன்களும் மூளையின் ஏற்பிகளை, அதாவது நரம்பணுக்கள் செய்தி வாங்கும் வாசல்களை, எப்படி ஆட்டுவிக்கின்றன என்று பேச வந்திருக்கிறேன். எந்த மேடையிலும் நான் முதலில் சொல்வது இதுதான்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

தீர விசாரித்த ஒருவரின் கதையைக் கேளுங்கள். 1849ஆம் ஆண்டு, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரம். பெர்த்தோல்டு என்ற அறிஞர் ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். இரண்டின் விதைகளை, அதாவது விந்தகங்களை, முழுவதும் அகற்றினார். அவை கூவவில்லை, சண்டைக்குப் போகவில்லை, பெட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற நான்கிலும் ஒரே ஒரு விதையை, பழைய இணைப்புகளை அறுத்து, வயிற்றுக்குள் விட்டார். அதிலும் இரண்டுக்கு ஒன்றினுடையதை மற்றொன்றில் மாற்றி வைத்தார்! நான்கும் கொண்டை சிவந்து கூவின, மோதிக்கொண்டன. அறுத்துப் பார்த்தால், நரம்பு ஒட்டவே இல்லை. புதிய இரத்தக் குழாய்கள் மட்டுமே இருந்தன. கூவச் சொன்ன கட்டளை இரத்தத்தில் போயிருக்கிறது. அப்படி இரத்தத்தில் போகும் வேதிச் செய்திக்கு 'ஹார்மோன்' என்ற சொல்லே 1905இல்தான் பிறந்தது. சேவலின் விதை அனுப்பிய அந்தச் செய்திதான் டெஸ்டோஸ்டிரோன்.

ஈஸ்ட்ரோஜன், பெண் எலியின் மூளையில் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில், கற்றலுக்கு உதவும் என்எம்டிஏ ஏற்பிகளைப் பெருக்குகிறது. இன்று நான் விரித்துப் பேசப்போவது புரோஜெஸ்டிரோனைப் பற்றி.

புரோஜெஸ்டிரோன் மூளையில் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறுகிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் தன் ஏற்பியில் அமர்ந்தால் குளோரைடு அயனிகளுக்கு வழி திறக்கும். அல்லோபிரெக்னனலோன் அந்த வழியை இன்னும் சற்று நேரம் திறந்து வைக்கிறது. கர்ப்பத்தில் ஏறிக்கொண்டே போன அதன் அளவு, பிரசவமான சில நாட்களில் சரிந்துவிடுகிறது. அந்தச் சரிவுக்கு எல்லார் மூளையும் ஒரே வேகத்தில் ஈடுகொடுப்பதில்லை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

பிள்ளை பெற்றவள் சுவரைப் பார்த்து அழுதால் நாம் என்ன சொல்கிறோம்? 'பாசமில்லாதவள்' என்கிறோம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்! அல்லோபிரெக்னனலோனையே 60 மணி நேரம் சிரை வழியாகச் செலுத்தும், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கான சிகிச்சைக்கு 2019இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. 2023இல் அதே ஏற்பியில் வேலை செய்யும் மாத்திரையும் வந்துவிட்டது. மருந்துக்கு அடங்குவது குணக்கேடா?

ஆகவேதான் ஊர் ஊராகக் கேட்கிறேன்: பிரசவித்த தாய்க்கு இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல மனநிலையையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அந்த மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் வந்த எடின்பரோ வினாத்தாளில் பத்தே கேள்விகள்தான். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் கிடைக்காமல் தவித்த தாய்மார்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இதைக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுச் செல்லுங்கள், மருத்துவர்கள் முதலில்.