காசெடுப்பவர் இருக்கட்டும், கணக்கெடுப்பவன் பேசுகிறேன்

நடுவர் அவர்களே, மூணாறு பெரியோர்களே, வணக்கம்.

"ஏற்றத்தாழ்வைப் புரியவைப்பது வாழ்க்கையா, வகுப்பறையா?" நான் வகுப்பறை அணி. சரி, தலைப்பு கிடக்கட்டும். எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டுவிட்டுப் போனாரே! "சமூகவியல் படித்தவன் டீக்கடையில் கணக்கெடுப்பான், டீ விற்றவன் காசெடுப்பான்." நீங்களும் கைதட்டினீர்கள். பொய் சொல்வானேன், நானும் தட்டினேன்.

அண்ணே, கணக்கெடுத்த கதையையே சொல்கிறேன். பி.ஏ. சமூகவியல் படிக்கிற எங்கள் பையன் கேள்வித்தாளோடு லயத்துக்கு, அதாவது தேயிலைக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கொடுத்த வரிசை வீடுகளுக்குப் போனான். வாசலில் ஒரு பாட்டி.

"வீட்ல எத்தனை ரூம் பாட்டி?"

"ஒண்ணு."

"தூங்குறது?"

"அதுலதான்."

"பிள்ளைங்க படிக்கிறது?"

"அதுலதான்."

"விருந்தாளி வந்தா?"

"அதுலதான் நீ உக்காந்திருக்க. காலை மடக்கு, மருமக வரணும்!"

பையன் விடவில்லை. "சொந்த வீடா?"

பாட்டி சிரித்த சிரிப்பில் திண்ணைக் கோழி பறந்துவிட்டது. "ஏய், இங்க வாடி! இந்தத் தம்பி சொந்த வீடான்னு கேக்குது!" வந்தவள் அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். அவள் அதற்கடுத்தவளை. கடைசியில் லயமே கூடிச் சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் பாட்டி சொன்னாள்: "நான் ரிட்டயர்ட் ஆனதும் வீட்டைக் காலி பண்ணணும்னாங்க. பன்னெண்டாவது படிச்ச மகளை நிறுத்திக் கொழுந்து பறிக்க அனுப்புனேன். வீடு நின்னுச்சு. என் தலையெழுத்து."

பையன் அடுத்த வீட்டில் கேட்டான். அங்கேயும் ஒரு பிள்ளை படிப்பை விட்டிருந்தது. அதற்கடுத்த வீட்டிலும். வரிசை முழுக்க ஒரே தலையெழுத்தா அண்ணே? பிரம்மாவுக்கு வேறு எழுத்தே தெரியாதா?

ஒருவனுக்கு வேலை இல்லையென்றால் அது அவன் கஷ்டம், லட்சக்கணக்கானோருக்கு இல்லையென்றால் அது சமூகத்தின் பிரச்சினை என்று 1959-ல் எழுதினார் சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கர். அவர் கொழுந்து பறித்ததில்லை. ஆனால் அடுத்த வீட்டுக் கதவையும் தட்டிப் பார் என்று எங்கள் பையனுக்குச் சொன்னது அந்தப் பாடம்தான்.

அப்புறம் அண்ணன் கேட்டார்: "2015-ல் ரோட்டில் உட்கார்ந்த பெம்பிளை ஒருமை அம்மாக்கள் எந்த டிகிரி படித்தார்கள்?" நம் தேயிலைத் தோட்டத்துப் பெண் தொழிலாளிகள் அவர்கள்; 20 சதவீத போனஸ் கேட்டு, யூனியன் தலைவர்களையே ஒதுக்கிவைத்துப் போராடியவர்கள். அவர்களை எதிர்த்துப் பேசிவிட்டு நான் இந்த மலையிலிருந்து இறங்க முடியுமா? கும்பிட்டுக்கொள்கிறேன். ஆனால் வாழ்க்கையே போதும் என்றால், பள்ளிக்கூடத்தில் தண்ணீரைத் தொட விடாத வாழ்க்கையை அனுபவித்த அம்பேத்கர் ஏன் கப்பலேறினார்? 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதி எப்படி உருவானது என்று ஏன் கட்டுரை வாசித்தார்? வலி அவருக்குத் தெரியும். அடித்த கை எது என்று தேடிப் போனார்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, நம் பெட்டிமுடி எஸ்டேட்டில் மண்சரிவு. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 70 பேர், படுத்த லயத்தோடு மண்ணுக்குள். மழையைத் திட்டிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தச் சரிவில் படுத்திருந்தவர்கள் ஏன் நம் ஜனமாகவே இருந்தார்கள் என்று கேட்க நம் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வேண்டாமா?

பின்வரிசை அம்மாக்களே, பிள்ளை சமூகவியல் சேர்கிறேன் என்றால், "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று நன்றாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு ஃபீஸைக் கட்டிவிடுங்கள். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். வருகிறேன்.