முதல் நான்கு தட்டும் கடைசி நான்கு சுரமும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பீத்தோவனின் வயலின் கன்செர்ட்டோவையும் (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் பத்தாம் சிம்பொனியையும் (முழு இசைக்குழுவுக்கான நீண்ட படைப்பு) ஒரே மாலையில் வாசிப்பது ரசிகருக்கு விருந்தா, சுமையா என்பது வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், பீத்தோவனுக்காகச் சீட்டு வாங்கியவர் தலையில் முக்கால் மணி நேரத்துக்கும் மேலான இரைச்சலைக் கட்டுகிறார்கள் என்று வருந்தினார். நான் விருந்து என்னும் பக்கம் நிற்கிறேன்.

நண்பர் இன்று சிம்பொனியின் மேல் சாட்டும் குற்றத்தை வியன்னாவில் அந்தக் கன்செர்ட்டோவின் மேலேயே சாட்டினார்கள். 1806 டிசம்பர் 23 அன்று வயலின் கலைஞர் ஃபிரான்ஸ் கிளெமென்ட் அதை அரங்கேற்றியபோது, தொடர்ச்சி அறுந்துபோகிறது, சாதாரணப் பகுதிகளே திரும்பத் திரும்ப வந்து அலுப்பூட்டுகின்றன என்று ஒரு விமர்சகர் எழுதிவைத்தார். 1844இல் லண்டனில் இசையமைப்பாளர் மெண்டல்சோன் இசைக்குழுவை நடத்த, 12 வயதுச் சிறுவனான யோவாகிம் வயலின் வாசித்த பிறகுதான் அந்தப் படைப்புக்கு விடிந்தது. நண்பர் பழமை என்று கொண்டாடுவது, ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஓரத்தில் கிடந்த புதுமை.

அதில் என்ன புதுமை என்று கேட்கலாம். வயலினுக்கான படைப்பு டிம்பனி முரசில் தொடங்குகிறது: மெல்லிய நான்கு தட்டு, அதன் பிறகே ஓபோ, கிளாரினெட் என்னும் குழல் கருவிகள் மெட்டை எடுக்கின்றன. சற்று நேரத்தில் முதல் வயலின்கள் அதே நான்கு தட்டை படைப்பின் அடிப்படைச் சுரவரிசையான டி மேஜருக்குச் சொந்தமில்லாத டி ஷார்ப் சுரத்தில் வாசிக்கும்போது, வீட்டுக்குள் அந்நியர் ஒருவர் வந்து நிற்பதுபோல் இருக்கும். இவர் யார் என்ற கேள்வியோடுதான் மேற்கொண்டு கேட்கிறோம்.

இப்போது சிம்பொனிக்கு வருகிறேன். 1948இல் சோவியத் கட்சித் தலைமையின் கண்டனத்துக்கு ஆளான ஷோஸ்டகோவிச், அதன் பின் வெளியிட்ட முதல் சிம்பொனி இது. ஸ்டாலின் மறைந்த 1953ஆம் ஆண்டின் டிசம்பர் 17 அன்று, லெனின்கிராடில் இசைக்குழு நடத்துநர் ம்ரவின்ஸ்கி அதை அரங்கேற்றினார். முதல் பகுதி மட்டுமே இருபது நிமிடத்தைத் தாண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பொறுமைக்குக் கூலியாக இரண்டாம் பகுதி நான்கே நிமிடத்தில் சூறாவளியாக அடித்து ஓய்கிறது. மூன்றாம் பகுதியில் டி, ஈ ஃபிளாட், சி, பி என்ற நான்கு சுரங்கள் தலைகாட்டுகின்றன. ஜெர்மானிய முறையில் இவற்றை டி, எஸ், சி, ஹா என்று படித்தால், ஜெர்மன் எழுத்தில் ஷோஸ்டகோவிச்சின் பெயர்ச்சுருக்கம் (D. Sch.) கிடைக்கிறது. இறுதிப் பகுதியின் முடிவில் அந்த நான்கு சுரங்களையும் டிம்பனியே இடித்துச் சொல்கிறது.

நடுவர் அவர்களே, டிம்பனியின் நான்கு மெல்லிய தட்டில் திறந்த மாலை, அதே முரசின் நான்கு சுரத்தில் முடிகிறது. இடையே நூற்று நாற்பத்தேழு ஆண்டுகள். ஒன்றை மட்டும் கேட்பவருக்கு இந்த முடிச்சு கிடைக்க வழியில்லை. எதிரணி நண்பர் மறுபடி எழும்போது, இடைவேளைக்குப் பிறகு தம் இருக்கையில் இருந்தாரா என்பதை முதலில் சொல்லட்டும்.