கால் எட்டாத சிறுமியும் ஏழு பெடலும்

அவையோருக்கு வணக்கம்.

ஹார்ப் என்ற பெரிய மேற்கத்தியத் தந்தி வாத்தியத்தின் கச்சேரிக்குப் போகிறவர்கள் வாசிப்பவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலை யாரும் பார்ப்பதில்லை. காலுக்கு அங்கே வேலை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. ஆன்ரியெத் ரெனியே என்ற பிரெஞ்சுக் கலைஞரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவரைப் பற்றிய பேச்சைக் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரெனியே 1875இல் பாரிஸில் பிறந்தார். எட்டு வயதில் ஹார்ப் கற்கத் தொடங்கியபோது கால் பெடலுக்கு எட்டவில்லை. ஓவியரும் பாடகருமான அவருடைய தந்தை பெடல்களுக்கு நீட்டுக் கட்டை செய்து பொருத்திக் கொடுத்தார். 1887இல், பதினோரு வயதில், பாரிஸ் கான்சர்வட்வார் என்ற இசைக் கல்லூரியின் முதல் பரிசு அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது.

கால் எட்டாவிட்டால் கையால் மட்டும் சமாளிக்க முடியாதா என்று கேட்கலாம். முடியாது. பியானோவில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள் உண்டு. ஹார்ப்பில் ஒரு ஸ்தாயிக்கு ஏழு தந்திதான், மொத்தம் 47. மீதி ஐந்து சுரத்துக்குக் காலிடம்தான் போக வேண்டும். வாத்தியத்தின் அடியில் ஏழு பெடல்கள், சுரத்துக்கு ஒன்று. மேற்கத்திய இசையில் ஏழு சுரங்களுக்கும் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்று பெயர். இடது காலுக்கு டி, சி, பி. வலது காலுக்கு இ, எஃப், ஜி, ஏ. பெடலிலிருந்து புறப்படும் கம்பிகள் முன்தூணுக்குள் ஏறி, மேலே வளைந்த கழுத்திலுள்ள பொறியைச் சேர்கின்றன. அங்கே ஒவ்வொரு தந்திக்கும் எதிரில் இரண்டு சிறு வட்டத் தகடுகள், தகட்டுக்கு இரண்டு முளைகள். பெடல் மேல்படியில் இருந்தால் எந்த முளையும் தந்தியைத் தொடாது, அது ஃபிளாட், அதாவது அரைச்சுரம் தாழ்ந்த நிலை. நடுப்படிக்கு இறக்கினால் முதல் தகடு திரும்பித் தந்தியைப் பிடிக்கும், அரைச்சுரம் ஏறும், அது நேச்சுரல், இயல்பு நிலை. கீழ்ப்படியில் இரண்டாவது தகடும் பிடிக்கும், இன்னொரு அரைச்சுரம் ஏறும், அது ஷார்ப். 1810இல் வாத்தியம் செய்பவரான செபாஸ்தியான் எரார் காப்புரிமை பெற்ற இந்த அமைப்புதான் இன்றுவரை நிற்கிறது. ஒரு பெடலை மிதித்தால் அந்தச் சுரத்தின் எல்லா ஸ்தாயித் தந்திகளும், கடைசி ஒன்றிரண்டைத் தவிர, ஒருசேர மாறும்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் நேரம்தான். தந்தி அதிர்ந்துகொண்டிருக்கும்போதே பெடலை நகர்த்தினால் முளை உரசி உறுமும். முன்கூட்டியே மாற்றினால் முந்தைய சுரம் காதுக்குக் கேட்கும்படி வழுக்கும். பெடல் படியில் சரியாக உட்காராமல் பாதியில் நின்றால் தந்தி முழுக்கக் கரகரக்கும். அவசரத்தில் ஓங்கி மிதித்தாலோ, கடைசி வரிசை ரசிகருக்கும் கட்டை இடிக்கும் சத்தம் கேட்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ரெனியேயின் பெரிய படைப்பு, சி-யை ஆதார சுரமாகக் கொண்ட சி மைனர் என்ற சுர வரிசையில் அமைந்த ஹார்ப் கான்செர்ட்டோ, அதாவது தனி ஹார்ப்பும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. 1901இல் பாரிஸின் லாமூரோ கச்சேரி வரிசையில், கமீல் ஷெவியார் இசைக்குழுவை நடத்த, ரெனியேயே அதை வாசித்தார். சி மைனரில் மேலே ஏறும்போது ஏ, பி இரண்டும் ஃபிளாட்டிலிருந்து நேச்சுரலுக்கு வர வேண்டும். ஏ வலது காலிடம், பி இடது காலிடம். இரண்டு காலும் ஒரே கணத்தில் அசைந்தால் வேலை முடிந்தது. இதையே ஜி மைனரில் செய்து பாருங்கள். இ நேச்சுரலாகவும் எஃப் ஷார்ப்பாகவும் மாற வேண்டும். இரண்டும் வலது காலின் பக்கத்துப் பக்கத்துப் பெடல்கள். ஒன்றன் பின் ஒன்றாக மிதிக்க வேண்டும், இல்லையேல் இடது காலை நடுவே தாண்டவிட்டு இ-யைப் பிடிக்க வேண்டும். காகிதத்தில் இரண்டு மைனரும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஹார்ப் தெரியாத இசையமைப்பாளர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ரெனியே போன்றவர்கள் எழுதும்போது கை எழுதுகிறது, கால் திருத்துகிறது.

இந்தப் பெடல் தொல்லையே வேண்டாம் என்று ஒரு கட்சி அப்போது கிளம்பியது. பிளெயெல் என்ற வாத்தியத் தயாரிப்பு நிறுவனத்தின் குஸ்தாவ் லியோன், பெடலே இல்லாமல் ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் தனித் தந்தி உள்ள குரோமாட்டிக் ஹார்ப்பைக் கொண்டுவந்தார். 78 தந்திகள், இரண்டு வரிசையாக ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும். 1904இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி இரண்டு நடனங்களை எழுதியது இதற்காகத்தான். எரார் நிறுவனத் தரப்பு சும்மா இருக்குமா? பெடல் ஹார்ப்புக்காக இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான ராவெலிடம் கேட்டுப் பெற்றதுதான் 1905ஆம் ஆண்டின் ‘இன்ட்ரொடக்‌ஷன் அண்ட் அலெக்ரோ’. வியாபாரப் போட்டி நல்ல இசையில் முடிந்த அபூர்வ சமயம்.

ரெனியே பெடல் பக்கம் நின்றார். அதற்குக் காரணம் வாத்தியத்திலேயே இருக்கிறது. பெடல்களை இப்படி வையுங்கள்: டி நேச்சுரல், சி ஃபிளாட், பி நேச்சுரல், இ ஷார்ப், எஃப் நேச்சுரல், ஜி ஷார்ப், ஏ ஃபிளாட். சி ஃபிளாட்டும் பி-யும் ஒரே ஒலி. இ ஷார்ப்பும் எஃப்-பும் ஒரே ஒலி. ஜி ஷார்ப்பும் ஏ ஃபிளாட்டும் அப்படியே. டி மட்டும் தனி. ஏழு தந்தியில் நாலே சுரம்! இப்போது ஒரு விரலை மேலிருந்து கீழே இழுத்தால் தவறான சுரம் ஒன்றுகூட இல்லாமல் அந்த நாலு சுரக் கோவை அருவியாகக் கொட்டும். பெடலை மாற்றினால் அதே விரல் இழுப்பில் வேறு கோவை. 78 தந்தியிலும் சுரம் நிலையாக நிற்கும் வாத்தியத்தில் இது நடக்காது. இன்று அந்த டெபுஸ்ஸி நடனங்களையும் பெடல் ஹார்ப்பில்தான் பெரும்பாலும் வாசிக்கிறார்கள்.

இனி ஆசிரியை ரெனியே. அவருடைய குரு அல்ஃபோன்ஸ் ஹாசெல்மான்ஸ் 1884 முதல் கான்சர்வட்வாரில் ஹார்ப் பேராசிரியர். 1912இல் அந்த இடம் காலியானபோது ரெனியேதான் பொருத்தமானவர் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. பதவி மார்செல் தூர்னியேவுக்குப் போனது. ரெனியேயின் வெளிப்படையான கத்தோலிக்க ஈடுபாடு, அரசும் மதமும் பிரிந்துவிட்ட அன்றைய பிரான்ஸில் அவருக்கு எதிராக நின்றது என்று சொல்லப்படுகிறது. தூர்னியே சாதாரணமானவர் அல்லர், நல்ல இசையமைப்பாளர். ஆனாலும் அந்த நாற்காலி ரெனியேவுக்கு உரியது என்பதே என் எண்ணம். 1914இல் ரெனியே தன் பெயரிலேயே ஹார்ப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். வீட்டில் தனி வகுப்புகள் நடந்துகொண்டே இருந்தன.

அந்த வகுப்புகளில் கற்பிக்கப்பட்டது என்ன? ஹார்ப்புக்கு நாலு விரல்தான். சுண்டுவிரல் குட்டை, அதை விட்டுவிடுவார்கள். கட்டைவிரல் உயர்ந்து நிற்கும், மற்ற மூன்றும் கீழ்நோக்கிச் சாயும். மீட்டிய விரல் காற்றில் தொங்கக் கூடாது. உள்ளங்கைக்குள் மடங்கிவிட வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் விரலை மடக்காமல் கையோடு சேர்த்துத் தந்தியை வெளியே இழுப்பார்கள். ஒலி மெலிந்து ‘டிங்’ என்று செத்துப்போகும்.

அதைவிடக் கடினம் விரல்களை முன்கூட்டியே தந்தியில் வைத்துக்கொள்வது. வலது கையால் எட்டு சுரம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று விரல்கள் வரிசையாக மீட்டும். கட்டைவிரல் மீட்டுவதற்கு முன்பே நான்காம் விரல் அதன் அடியில் நுழைந்து அடுத்த தந்தியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டைவிரல் மீட்டிய பிறகு கை தாண்டினால் நடுவில் ஓட்டை விழும். அதிர்ந்துகொண்டிருக்கும் தந்தியில் விரலைத் தயங்கித் தயங்கி வைத்தாலும் தப்பு, அது கரகரக்கும். ஒரே தீர்மானமாக அழுத்தி வைத்தால் தந்தி சத்தமில்லாமல் அடங்கும்.

பியானோ, அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்ட் போன்ற கட்டை வாத்தியங்களின் இசையை ஹார்ப்புக்கு மாற்றுவதிலும் அவர் நிறைய உழைத்தார். ‘லெ கிளாசிக் த லா ஆர்ப்’ என்ற தொகுப்பு வரிசை அப்படி வந்தது. ஒரே தந்தியை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டினால் தன் ஒலியைத் தானே அடைத்துக்கொள்ளும். அதனால் பியானோவில் ஒரே கட்டையில் வரும் தொடர் அடியை, ஹார்ப்பில் சி ஃபிளாட், பி போன்ற இரட்டைத் தந்திகளுக்குப் பங்கிட்டு எழுதலாம். டி, ஜி, ஏ நேச்சுரல்களுக்கு மட்டும் இரட்டை கிடையாது. அங்கே அந்த வழி அடைபட்டது.

அவரிடம் எட்டு வயதில் சேர்ந்த மார்செல் கிராஞ்ஜனி பின்னால் நியூயார்க் போய், 1938 முதல் 1975 வரை ஜூலியார்ட் இசைப் பள்ளியில் கற்பித்தார். அமெரிக்க மாணவி மில்ட்ரெட் டில்லிங், நகைச்சுவை நடிகர் ஹார்போ மார்க்ஸுக்கு ஹார்ப் சொல்லிக்கொடுத்தவர். ரெனியேயின் முழுமையான ஹார்ப் பயிற்சி நூல் 1946இல் இரண்டு பாகங்களாக லெதுக் பதிப்பகத்தில் வெளிவந்தது. பிரெஞ்சு அரசின் லெஜியோன் தொனர் விருது 1954இல்தான் அவருக்கு வந்தது. அப்போது அவர் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1956 மார்ச்சில், பிறந்த பாரிஸிலேயே காலமானார்.